முள்ளை எண்ணுங்கள், நிறத்தை அப்புறம் பாருங்கள்

பொங்கல் விடுமுறைக்கு அக்கா மகள் பழனி மலையில் எங்கள் ஊரான தாண்டிக்குடிக்கு வந்திருந்தாள். காப்பிப் பழம் பறிப்பு இன்னும் முடியவில்லை. பனி விலகுமுன் தோட்டத்துக்குள் போனவள் முகத்தைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

“சித்தி, மூஞ்சி பூரா வலை. அதுல கொம்பு வச்ச பூச்சி ஒண்ணு இருந்துச்சு. நண்டு மாதிரி.”

செல்போனில் படம் எடுத்திருந்தாள். காப்பிக் கொட்டை அளவுக்கு ஓர் உடம்பு. நீளத்தைவிட அகலம் அதிகம். வெளிர்மஞ்சளும் கரும்பழுப்புமாகக் குறுக்குப் பட்டைகள். ஓரத்தைச் சுற்றி முட்கள். நான் சொல்வதற்குள் அவளே இணையத்தில் தேடிப் பெயரும் கண்டுபிடித்துவிட்டாள்: காஸ்டரகாந்தா கான்கிரிஃபார்மிஸ்.

அந்தப் பெயரில் முன்பாதி சரி, பின்பாதி தப்பு. ஏன் தப்பு என்று அவளுக்குச் சொல்லப் போய் அரை நாள் தோட்டத்திலேயே கழிந்தது. முதன்முதலாக ஒரு முள் சிலந்தியைப் பார்த்து “இது என்ன?” என்று நிற்கும் எவருக்கும் அது பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் இது சிலந்திதானா என்பதைப் பார்த்துவிடுவோம். பலர் வண்டு என்றே நினைக்கிறார்கள். உடம்பு ஓடு போலக் கெட்டியாக, பளபளவென்று இருப்பதால் அப்படித் தோன்றுகிறது. சிலந்திகளின் வயிறு பெரும்பாலும் மெத்தென்றுதான் இருக்கும். இந்தக் கூட்டத்துக்கோ அது இறுகிக் கேடயமாகிவிட்டது. தலையும் மார்பும் சேர்ந்த முன்பகுதி சின்னது. அகன்ற வயிறு அதன்மேல் கவிந்திருப்பதால், மேலிருந்து பார்த்தால் தலையே இல்லாத மாதிரி இருக்கும். கால்களும் குட்டை. வலையில் உட்கார்ந்திருக்கும்போது அவற்றை மடக்கி வைத்துக்கொள்ளும். ஆகவே கால்களைப் பொறுமையாக எண்ண வேண்டும். எட்டு இருந்தால் சிலந்தி, ஆறு இருந்தால் பூச்சி. நாம் ‘எட்டுக்கால் பூச்சி’ என்கிறோம், ஆனால் அறிவியல் கணக்கில் சிலந்தி பூச்சி வகையில் சேராது.

அவள் நண்டு என்று சொன்னதும் பொருத்தமான ஒப்புமைதான். கான்கிரிஃபார்மிஸ் என்ற லத்தீன் சொல்லுக்கே ‘நண்டு வடிவம் கொண்டது’ என்று பொருள். ஆனால் நண்டுச் சிலந்தி என்ற பெயர் வேறொரு குடும்பத்துக்குப் போய்விட்டது. அவை வலை பின்னுவதில்லை. பூவிதழ்மேல், இலைமேல் அசையாமல் உட்கார்ந்து, நீண்ட முன்னங்கால்களை அகல விரித்து வைத்துக்கொண்டு தேனீக்கும் ஈக்கும் காத்திருக்கும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் இருக்க, நம் தோட்டத்துக்காரியை ‘முள் சிலந்தி’ என்றே சொல்வோம்.

சரி, பெயர் விஷயத்துக்கு வருவோம். அறிவியல் பெயரில் இரண்டு சொற்கள் இருக்கும். முதல் சொல் பேரினம். நம் பெயருக்கு முன்னால் வரும் இனிஷியல் மாதிரி, இன்னாருடைய வீட்டுப் பிள்ளை என்று சொல்வது. இரண்டாவது சொல் இனம். அதுதான் அந்தப் பிள்ளை யார் என்று சொல்லும். காஸ்டரகாந்தா என்பது வீட்டின் பெயர். கிரேக்கத்தில் ‘காஸ்டெர்’ என்றால் வயிறு, ‘அகாந்தா’ என்றால் முள். வயிற்றில் முள் கொண்டது. சுண்டேவால் என்ற ஸ்வீடன் நாட்டு அறிஞர் 1833ல் வைத்த பெயர். பார்த்ததை அப்படியே சொல்லும் நல்ல பெயர்.

கான்கிரிஃபார்மிஸ் என்ற பிள்ளையை, இந்த இரண்டு சொல் பெயரிடும் முறையை நிலைநிறுத்திய லின்னேயஸ் 1758லேயே விவரித்துவிட்டார். அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியிலிருந்து அர்ஜென்டினா வரை வீட்டுத் தோட்டங்களில் சாதாரணமாகக் காணப்படுவது அது. அங்கே படம் எடுப்பவர்கள் அதிகம், எழுதுபவர்களும் அதிகம். அதனால் உலகின் எந்த மூலையிலிருந்து முள் சிலந்தியைத் தேடினாலும் அந்தப் பெயர்தான் முதலில் வந்து நிற்கும். இயற்கையாக அது நம் நாட்டில் கிடையாது. பழனி மலையில் எடுத்த படத்துக்கு அந்தப் பெயர் வந்தால், படத்தில் இருப்பதைத் தேடுபொறி சரியாகப் பார்த்திருக்கிறது, இடத்தைத்தான் பார்க்கவில்லை என்று பொருள். ஓர் உயிரை அடையாளம் காண்பதில் எங்கே பார்த்தோம் என்பதும் உருவத்துக்குச் சமமான சான்று.

நம் மலைத் தோட்டங்களில் நான் அதிகம் பார்ப்பது காஸ்டரகாந்தா ஜெமினேட்டா. ஃபெப்ரீசியஸ் என்பவர் 1798ல் விவரித்தது. இந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்வது. ஜெமினேட்டா என்றால் ‘இரட்டையான’ என்று பொருள். அக்கா மகளின் படத்தில் இருந்ததும் அதுதான்: வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் இடைப்பட்ட பட்டை, அதை அடுத்துக் கரும்பழுப்புப் பட்டை, ஓரத்தில் ஆறு முட்கள்.

“மஞ்சளா இருந்தா ஜெமினேட்டாவா?” என்று கேட்டாள். இந்தக் கேள்வியில்தான் புதிதாகப் பார்ப்பவர்கள் எல்லோரும் இடறுகிறார்கள். நிறம்தான் முதலில் கண்ணில் படுகிறது, அதனால் அதையே அடையாளமாகப் பிடித்துக்கொள்கிறோம். ஆனால் முள் சிலந்திகளிடம் நிறம் நிலையில்லாத ஒன்று. அந்த அமெரிக்க இனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே இனத்தில் வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எல்லாம் உண்டு. முள்ளும் சிலவற்றில் கறுப்பு, சிலவற்றில் சிவப்பு. இளசாக இருக்கும்போது ஒரு தோற்றம், கடைசியாகத் தோலுரித்த பிறகு வேறொன்று. வெளிச்சமும் சேர்ந்து ஏமாற்றும். மூடுபனியில் எடுத்த படத்தில் வெள்ளையாகத் தெரிந்தது, பத்து மணி வெயிலில் மஞ்சளாகத் தெரியும்.

முள் அப்படி ஏமாற்றாது. எத்தனை, எங்கே, எவ்வளவு நீளம், நுனி எப்படி என்று நான்கு கேள்விகளை அதனிடம் கேட்கலாம்.

நம் பக்கத்து முள் சிலந்திப் பெண்களுக்கு வழக்கமாக ஆறு முட்கள், மூன்று ஜோடிகளாக இருக்கும். தலைப் பக்கம் உள்ள முனைகளில் ஒரு ஜோடி. அதன் பின்னால் பக்கவாட்டில் ஒரு ஜோடி. பின் ஓரத்தில் ஒரு ஜோடி. ஜெமினேட்டாவில் பக்கவாட்டு ஜோடிதான் தடித்தது, நீண்டது. முன் ஜோடி சின்னது, பக்கவாட்டு முள்ளின் அடியை ஒட்டினாற்போல் இருக்கும். எண்ணும்போது அதைத்தான் தவறவிடுவோம். அக்கா மகளும் முதலில் நான்கு என்றுதான் சொன்னாள். படத்தைப் பெரிதாக்கிய பிறகு ஆறாயிற்று.

இதோடு மயங்கக்கூடிய இன்னொன்று ஹாசெல்டி. காஸ்டரகாந்தா வீட்டில் இருந்த அதை 2021ல் மக்ரகாந்தா என்ற வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள். இந்தியாவிலிருந்து சீனா, இந்தோனேசியா வரை பரவியிருப்பது. அதன் முதுகு மஞ்சளும் செம்மஞ்சளும் கலந்திருக்கும். அகலமான பட்டைகளுக்குப் பதிலாகக் கறுப்புப் புள்ளிகள் பளிச்சென்று தெரியும். அந்தப் புள்ளிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவை வெறும் அலங்காரம் இல்லை. உள்ளே இருக்கும் தசைகள் ஓட்டோடு பற்றிக்கொள்ளும் இடங்கள் அவை. சட்டைக்குப் பொத்தான் தைத்தால் துணி அந்த இடத்தில் கொஞ்சம் குழியுமே, அந்த மாதிரி. எல்லா முள் சிலந்திகளுக்கும் அவை வரிசையாக இருக்கும். ஜெமினேட்டாவில் பட்டைகளுக்குள் அமுங்கிப்போகும், ஹாசெல்டியில் எடுப்பாகத் தெரியும்.

முட்கள் மிகக் குட்டையாக, மொட்டை மொட்டையாக இருந்து, நுனி மட்டும் சட்டென்று கூர்ந்தால், அது காஸ்டரகாந்தா வீடே இல்லை. பக்கத்து வீடான தெலகாந்தா. முழுப்பெயர் தெலகாந்தா பிரெவிஸ்பைனா. ‘பிரெவி’ என்றால் குட்டை, ‘ஸ்பைனா’ என்றால் முள். இன்னொரு கோடியில், பக்கவாட்டு முள் உடம்பைவிட நீளமாக, மாட்டுக் கொம்பு போல மேல்நோக்கி வளைந்து கிடந்தால் மக்ரகாந்தா ஆர்குவேட்டா. இந்தியாவிலிருந்து போர்னியோ வரை உள்ள ஈரக் காடுகளின் சிலந்தி அது. ஒருமுறை படத்தில் பார்த்தாலே மறக்காது.

இத்தனையும் பெண் சிலந்தியைப் பற்றித்தான். ஆண் மிகச் சிறியது, சில மில்லிமீட்டர்தான் இருக்கும். அந்த நீண்ட முட்கள் கிடையாது, பெண்ணின் பட்டைகளும் அப்படியே இருக்காது. பெண்ணின் வலையோரத்தில் ஒரு நூலில் தொங்கிக்கொண்டிருக்கும். குப்பை என்று நினைத்துக் கடந்துவிடுவோம். நான் பல வருடங்கள் அப்படித்தான் கடந்திருக்கிறேன்.

அடுத்தது வலை. ஆள் இல்லாவிட்டாலும் வலை பாதி அடையாளத்தைச் சொல்லிவிடும். வீட்டு மூலையில் தூசியோடு தொங்கும் நூலாம்படை வேறு, இது வேறு. முள் சிலந்தி பின்னுவது சக்கர வலை. முதலில் காற்றில் ஒரு நூலை மிதக்கவிடும். அது எதிரே ஏதாவது ஒரு கிளையில் போய் ஒட்டிக்கொள்ளும். எங்கள் தோட்டத்தில் பெரும்பாலும் ஒரு பக்கம் காப்பிச் செடி, மறுபக்கம் சில்வர் ஓக்கிலோ கல்யாண முருங்கையிலோ ஏறும் மிளகுக் கொடி. அந்தப் பாலத்தின்மேல் சட்டம் கட்டி, நடுவிலிருந்து வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப் போல நூல்களை இழுக்கும். அப்புறம் நடுவிலிருந்து வெளியே ஒரு தற்காலிகச் சுருள் போடும். இது ஒட்டாது, கட்டடத்துக்குச் சாரம் கட்டுவது போல. கடைசியாக ஓரத்திலிருந்து உள்ளே வரும்போது ஒட்டும் சுருளைப் போட்டுக்கொண்டே சாரத்தைப் பிரித்துவிடும். நாம் பார்க்கும் நெருக்கமான வட்டங்கள் அந்த ஒட்டும் சுருள்தான். வலை கிழிந்து பழசானால் சக்கர வலைச் சிலந்திகள் பல அதைத் தின்றுவிட்டு, அந்தப் புரதத்தையே மறுபடி நூலாக்கிக்கொள்ளும்.

முள் சிலந்தியின் வலையில் தனியாக ஓர் அடையாளம் உண்டு. சட்ட நூல்களிலும் சில ஆரங்களிலும் வெள்ளை வெள்ளையாக, பஞ்சைக் கிள்ளி ஒட்டிய மாதிரிப் பொட்டுகள் இருக்கும். அவையும் பட்டுநூல்தான். சூரியனுக்கு எதிராக நின்று பார்த்தால் வலை தெரியாவிட்டாலும் இந்தப் பொட்டுகள் அந்தரத்தில் வரிசையாக மிதப்பது தெரியும். அமெரிக்க இனத்தை வைத்துச் சோதித்த ஆய்வுகளில், இவை பூச்சிகளைக் கவர்ந்து இழுப்பதாகத் தெரியவில்லை. பறவை போன்ற பெரிய விலங்குகள் வலையை அறுத்துக்கொண்டு போகாமல் இருக்க எச்சரிக்கை என்ற கருத்துக்கு அவற்றில் ஒன்று இடம் தருகிறது. என் வரையில் அந்த எச்சரிக்கை நன்றாகவே வேலை செய்கிறது. பொட்டைப் பார்த்ததும் குனிந்துவிடுவேன்.

வலை சரியாக நம் முகத்துக்கு நேரே ஏன் இருக்கிறது என்று பறிப்புக்கு வருபவர்கள் அலுத்துக்கொள்வார்கள். நாம் நடக்கும் சந்துதான் காரணம். செடி வரிசைகளுக்கு இடையே உள்ள திறந்த வெளியில்தான் சின்ன ஈக்களும் கொசுக்களும் அந்துகளும் பறந்து போகும். நமக்கு அது பாதை, அவற்றுக்கும் அது பாதை. சிலந்தி வழி பார்த்துத்தான் வலை போடுகிறது. ஒரு நீளக் குச்சியை முன்னால் பிடித்துக்கொண்டு போனால் முகம் தப்பும். குறுக்கே கட்டிய மேல் நூல் எங்கே போகிறது என்று பார்த்து, அதைக் குச்சியால் அருகிலிருக்கும் செடிக்கு மாற்றி ஒட்டினால் வலையிலும் பாதி பிழைக்கும். எங்கள் தோட்டத்தில் பறிக்கும் அக்கா ஒருவர் இதை அவ்வளவு லாவகமாகச் செய்வார்.

அதே தோட்டத்தில் சக்கர வலை போடும் வேறு சிலந்திகளும் உண்டு. வலை நடுவில் பெருக்கல் குறி போல வெள்ளை நெளிகோடுகள் இருந்தால் அது ஆர்ஜியோப், கையெழுத்துச் சிலந்தி. வலை பெரிதாக, நூலே பொன்மஞ்சளாக, ஆள் விரல் நீளத்துக்குக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தால் நெஃபிலா. இரண்டுக்கும் வயிற்றில் முள் கிடையாது.

முள் எதற்கு? சிலந்தியைத் தின்ன வருபவர்கள் ஏராளம். பறவைகள், பல்லிகள், அப்புறம் குளவிகள். மண்கூடு கட்டும் குளவிகளில் ஒரு வகை சிலந்திகளைக் கொட்டி மயக்கிக் கூட்டுக்குள் அடைத்து, தன் குஞ்சுக்கு உணவாக வைக்கும். பகலில், திறந்த வெளியில், வலை நடுவே பளிச்சென்ற நிறத்தோடு உட்கார்ந்திருக்கும் ஒன்றுக்கு ஒளிய இடமில்லை. கெட்டி ஓடும் முள்ளும் அதை விழுங்கக் கடினமானதாக ஆக்குகின்றன.

அப்படியானால் நிறம் எதற்கு என்று அக்கா மகள் விடவில்லை. நல்ல கேள்வி, சுவையான பதில். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் வாழும் காஸ்டரகாந்தா ஃபோர்னிகேட்டாவின் முதுகைக் கறுப்பு மையால் மூடிப் பார்த்தார்கள். 2002ல் வெளியான அந்த ஆய்வில், மை பூசிய சிலந்திகளுக்குக் கிடைத்த இரை குறைந்தது. பூவென்று ஏமாந்தோ என்னவோ, நிறம் பூச்சிகளை அழைத்திருக்கிறது. ஆனால் கான்கிரிஃபார்மிஸை வைத்து அதே மாதிரிச் சோதித்தபோது, நிறத்தால் கூடுதல் இரை கிடைத்ததாகத் தெரியவில்லை. ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்றாலும் ஒருவருக்கு உண்மையானது மற்றவருக்கு உண்மையாக வேண்டியதில்லை. ஒரு நாட்டுச் சிலந்தியைப் பற்றிப் படித்ததை நம் தோட்டத்துச் சிலந்தியின் தலையில் கட்டக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இனி பயம். முள் சிலந்தியின் முள்ளில் விஷம் இல்லை. அது கடிப்பதே அரிது, கடித்தாலும் மனிதருக்கு ஆபத்தில்லை. ஆனாலும் தோலில் கொப்புளம் வந்தால் “எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பட்டிருக்கும்” என்று சொல்வது நம் ஊர்களில் வழக்கம். சிலந்தி மேல் இது அநியாயப் பழி. மழைக்காலத்தில் விளக்கைத் தேடி வீட்டுக்குள் வரும் ஒரு சின்ன வண்டு உண்டு. எறும்பு போல ஒல்லியாக, ஆரஞ்சும் கறுப்புமாக இருக்கும். தெரியாமல் அதைத் தோலில் வைத்து நசுக்கிவிட்டால் அதன் உடல்நீர் பட்ட இடம் சிவந்து கொப்புளிக்கும். தீக்கோடு இழுத்த மாதிரி இருக்கும். அக்கியும் இப்படித்தான் சிலந்தி கணக்கில் எழுதப்படுகிறது. அக்கி ஒரு வைரஸ் நோய். தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டியது.

இந்தப் பழிக்கு மொழியும் துணை போயிருக்கிறது என்று எனக்குத் தோன்றும். தமிழில் சிலந்தி என்றால் புண், கட்டி என்றும் பொருள் உண்டு. நரம்புச் சிலந்தி என்று ஒரு கொடிய நோய் இருந்தது. கிணற்று நீர் வழியே உடம்புக்குள் போகும் புழு, காலைத் துளைத்துக்கொண்டு நூல் போல வெளியே வரும். அந்தப் புழுவுக்கும் எட்டுக்கால் உயிருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இந்தியாவில் அந்த நோய் ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2000ல் சான்று கொடுத்தது. நோய் போய்விட்டது, பெயரின் அச்சம் மட்டும் இந்தச் சின்ன உயிரின் மேல் மிச்சமிருக்கிறது.

படம் எடுப்பது பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடையாளம் கேட்டு வரும் படங்களில் பெரும்பாலானவை மங்கல். செல்போனுக்குச் சின்ன சிலந்தி தெரியாது, பின்னால் இருக்கும் இலைதான் தெரியும். சிலந்திக்குப் பின்னால், வலையைத் தொடாமல், உள்ளங்கையை வைத்துக்கொள்ளுங்கள். இப்போது கேமரா கையைப் பிடிக்கும், சிலந்தியும் தெளிவாக வரும். அளவும் தெரியும். சிலந்தியின் அடிவயிறு வலைப் பக்கமாகவும் முதுகு வெளிப் பக்கமாகவும் இருக்கும். அதனால் வலையின் ஒரு பக்கம் நின்றால் முதுகும் முட்களும் கிடைக்கும். மறுபக்கம் போனால் நூல்கள் வழியாக அடிவயிறும், நூல் வெளிவரும் சின்ன மேடும் கிடைக்கும். இரண்டையும் எடுங்கள். பக்கவாட்டில் ஒன்று, முள் வளைந்திருக்கிறதா நேராக இருக்கிறதா என்று பார்க்க. தள்ளி நின்று முழு வலையையும் ஒன்று. தேதி, ஊர், எந்தச் செடிகளுக்கு நடுவே என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐநேச்சுரலிஸ்ட்டிலோ இந்தியப் பல்லுயிர் வலைவாசலிலோ ஏற்றினால் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துவார்கள். இனம் வரை போக முடியாவிட்டால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதில் எந்தக் குறைவும் இல்லை.

அன்று மாலை, பழம் உலர்த்தும் களத்தின் ஓரத்து ஆரஞ்சு மரத்தில் அவள் இன்னொன்றைக் கண்டுபிடித்தாள். பழுப்பும் சாம்பலுமாக, பட்டை எதுவும் தெளிவாக இல்லை. இந்த முறை இணையத்தில் தேடவில்லை. உள்ளங்கையைப் பின்னால் வைத்து இரண்டு பக்கமும் படம் எடுத்தாள். பிறகு என் பழைய கணக்கு நோட்டில், பறிப்புக் கூலி எழுதும் பக்கத்துக்கு எதிரே, பென்சிலால் எழுதினாள்:

‘முள் ஆறு. மூணு ஜோடி. எல்லாமே குட்டை. நுனி மட்டும் கூர். ஆரஞ்சு மரம், தரையிலிருந்து என் தோள் உயரம். தெலகாந்தா?’